பகிடியோடு வரும் இஞ்சிக் கேக்

அவர் வெறுங்கையோடு வந்தால் பயமில்லை. கேக்கோடு வந்தால்தான் பயம்.

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு கம்பளக் கடைக்கு மேலே இருந்த கார்ட்டூன் ஸ்டூடியோவில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதை எனக்குச் சொல்லிவிட்டார்கள். அங்கே கதை எழுதுகிறவர் அவர். அவரிடம் மூடி நெளிந்த நீலத் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் அவரே சுட்ட இஞ்சிக் கேக் இருக்கும். பெட்டி யாருடைய மேசைக்கு வருகிறதோ, அந்த ஆளைப் பற்றி ஒரு பகிடி, அதாவது சிரிப்புத் துணுக்கு, எழுதியாகிவிட்டது என்று அர்த்தம். அதை அவர் எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துச் சொல்லுவார். சொல்லி முடியும்வரை கேக்கில் கத்தி படாது.

இருபத்துமூன்று வருடத்துக்கு முந்திய கதை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அவர் நாற்பதைத் தாண்டியவர், லண்டனில் பிறந்த கறுப்பினப் பெண். தாய் தகப்பன் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள். தகப்பன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இவருடைய கழுத்தில் எப்போதும் இரண்டு கண்ணாடிகள் தொங்கும். ஒன்று வாசிக்க. மற்றது எதற்கென்று கேட்டால் அவருக்கும் தெரியாது.

அவர் எழுத, நாங்கள் பதினொரு பேர் வரைந்த கார்ட்டூன் தொடர் அது. ரயில் பாதை முடிகிற இடத்தில், எல்லா வீட்டு வேலியும் ஒரே உயரத்தில் நிற்கும் ஒரு புறநகருக்கு ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவருகிறது. அப்பா, அம்மா, ஒரு மகள், ஒரு மகன். அக்கம்பக்கத்தார் எல்லாரும் சிரித்த முகத்தோடு பழகுவார்கள். அந்தச் சிரித்த முகங்களைக் கிண்டல் செய்வதுதான் தொடரின் வேலை. அந்த வீட்டு இலக்கத்தை வைத்து நாங்கள் அதை ‘எண்பத்தொன்பது’ என்று கூப்பிடுவோம். நான் பின்னணி வரைகிறவள். ஆட்களுக்குப் பின்னால் நிற்கும் சுவர், கதவு, வானம், குப்பைத்தொட்டி எல்லாம் என் பொறுப்பு.

அவர் பேசியது சுத்தமான கிழக்கு லண்டன் இங்கிலீஷ். ஆனால் என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். அவர் சொன்னதையெல்லாம் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிச் சொல்லி வந்த வினை இது. இனி மாற்ற முடியாது.

சேர்ந்த இரண்டாம் கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனார். தெருவாசிகள் சங்கத் தலைவர் ஒருவரின் வீடு. தொடரில் அப்படியொரு தலைவர், குடிவந்த குடும்பத்தைப் பூங்கொத்தோடு வரவேற்று, குப்பை வைக்கும் விதிகள் என்று பதினான்கு பக்கத் தாள்களையும் கையில் கொடுப்பார். இவர் அதை அந்த நிஜத் தலைவருக்கே நடித்துக் காட்டினார். கம்பளிச் சட்டை போட்ட அந்த வெள்ளைக்காரர் சிரிக்கவே இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், பதினான்கு பக்கம் என்பது தவறு, பத்தொன்பது, வேலிக்கான விதிகள் தனிப் புத்தகம் என்றார். எழும்பிப் போய் இரண்டையும் எடுத்துக்கொண்டும் வந்தார்.

இவர் கேக்கை வெட்டி அவருக்கு ஒரு துண்டு வைத்துவிட்டு, தபால் உறையின் பின்பக்கத்தில் ‘19, வேலி தனி’ என்று எழுதிக்கொண்டார். திரும்பி வரும் வழியில் என்னிடம் சொன்னார்:

“கோவிச்சால் நான் எழுதினது பிழை. சிரிச்சால் பரவாயில்லை. திருத்தினாத்தான் சம்மதம். தான் அதுக்குள்ளை இருக்கிறன் எண்டு ஒத்துக்கொண்டாத்தானே ஒராள் திருத்துவார்.”

ஏன் இந்தச் சிரமம், எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கலாமே என்று நான் கேட்டேன். நடந்துகொண்டே பதில் சொன்னார்.

“ஒராளைப் பற்றி அவருக்குப் பின்னாலை சொன்னால் அது கோள். முன்னாலை சொன்னாத்தான் பகிடி.”

எல்லா இடத்திலும் இது சுகமாக முடிந்ததில்லை. ஒரு போதகரிடம் போய், அவருடைய பிரசங்கம் தொடங்கும்போது கருவுற்றிருந்த பெண் அது முடியும்போது பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வருகிறாள் என்று சொன்னார். போதகர் உட்கார்ந்திருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேக்கிலும் மூன்று துண்டு சாப்பிட்டார். அடுத்த ஞாயிறு அதே பகிடியைத் தன் பிரசங்கத்தின் நடுவில், தானே யோசித்ததுபோல எடுத்து விட்டார். தேவாலயம் முழுக்கச் சிரித்தது. எங்கள் எப்பிசோட் வருவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. போதகரே களவெடுத்தால் யாரிடம் போய் முறைப்பாடு சொல்வது என்று இவர் அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் பெட்டி என் மேசைக்கு வந்தது.

நான் செய்த பிழை இதுதான். எண்பத்தொன்பதாம் இலக்கத்தின் வாசலை வரையும்போது படியில் ஒரு குவியல் சப்பாத்தும் செருப்பும் போட்டிருந்தேன். யோசித்துச் செய்ததல்ல. வீட்டு வாசல் என்றால் சப்பாத்துக் கிடக்கும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அம்மாவினதும் அப்பாவினதும் என்னுடையதும் தம்பிமாரினதும், போதாததற்கு வந்து போகிற சனத்தினதும் கிடக்கும். நான்கு பேர் இருக்கிற அந்தக் கார்ட்டூன் வீட்டு வாசலிலும் நான் பதினாலு சோடி போட்டுவிட்டேன். மூன்று எப்பிசோட் ஒளிபரப்பாகி முடிந்த பிறகுதான் ஒருத்தர் கண்ணில் பட்டது. சப்பாத்தைப் படியில் கழற்றிவிட்டு உள்ளே போகும் பழக்கம் அந்தக் குடும்பத்துக்கு இல்லவே இல்லை.

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் எதிரே உட்கார்ந்து பகிடியைச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் காலையில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று சப்பாத்துகளை எண்ணுகிறார். எண்ணிவிட்டு, எண்பத்தொன்பதில் பத்துப் பேர் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று உள்ளூராட்சிக் கவுன்சிலுக்கு எழுதுகிறார். கவுன்சில்காரர்கள் வந்து அந்தப் பத்துப் பேரையும் அலமாரிக்குள் தேடுகிறார்கள்.

நான் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. ஏனென்றால் எங்கள் வீட்டைப் பற்றி அப்படி ஒருத்தர் உண்மையாகவே எழுதிப் போட்டிருந்தார். கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்து கட்டில்களை எண்ணினாள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதை அதுவரை ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

“அலமாரிக்குள்ளை தேடேல்லை,” என்றேன். “கட்டிலை எண்ணினவை. அம்மா அவைக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்தவ. வந்த பொம்பிளை போகேக்கை சப்பாத்தை மாறிப் போட்டுக்கொண்டு போட்டா.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் திருத்தியிருக்கிறேன் என்று எனக்கே விளங்கியது. அவர் கேக்கின் ஓரத் துண்டை, எல்லாருக்கும் பிடித்த அந்தத் துண்டை, வெட்டி எனக்குத் தந்தார். சப்பாத்து எப்பிசோட்தான் எங்கள் தொடரை ஊருக்குத் தெரியப்படுத்தியது. கடைசி எப்பிசோட் வரை அந்தக் குவியல் வாசலில் கிடந்தது. ஒரு சோடி மட்டும் மாறியிருக்கும். அதைக் கண்டுபிடித்து எங்களுக்குக் கடிதம் எழுதியவர்களும் உண்டு.

அதற்குப் பிறகு எண்பத்தொன்பதுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தை எழுதினார். அந்த வீட்டு அம்மா, வேண்டாம் என்று சொல்பவர்களுக்கு இரண்டு மடங்கு சாப்பாடு போடுகிறவர். யாரிடம் சொல்லிப் பார்ப்பது என்று யோசிக்கவே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை பிளேஸ்டோவுக்கு வந்துவிட்டார்.

அம்மா முதலில் கேட்டது கேக்கில் முட்டை இருக்கிறதா என்று. இருந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் முட்டை தொடுவதில்லை. அதனால் பெட்டி வாசலுக்குப் பக்கத்து மேசையிலேயே இருந்தது. அவர் பகிடியைச் சொல்ல வாயைத் திறக்கும் போதெல்லாம் அம்மா ஒரு வடை வைத்தார். வேண்டாம் என்று அவர் கையை நீட்ட, கையிலும் ஒன்று வைத்தார். நான்காவது வடைக்குப் பிறகு அவர் பகிடி சொல்கிற எண்ணத்தைக் கைவிட்டார். சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை, எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. கடைசியில் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்:

“பிள்ளை, ஒரு பகிடி சொல்லவெண்டு இவ்வளவு தூரம் பஸ்ஸிலை வந்திருக்கிறா. வீட்டிலை வேற வேலை வெட்டி இல்லையோ எண்டு கேள்.”

நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். அவர் விடவில்லை. சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். தன்னைப் பற்றி ஒருத்தர் முகத்துக்கு நேரே பகிடி சொன்னது இதுதான் முதல் தரம் என்றார். அம்மா அவருக்கு ‘பகிடிப் பிள்ளை’ என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் அம்மாவுக்கு அவர் பகிடிப் பிள்ளைதான்.

இப்படி ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் ஒரே ஒருத்தருக்கு மட்டும் சொல்லவில்லை. அது அவருடைய தகப்பன்.

தொடரில் வரும் அப்பாவுக்கு மாதிரியே அந்தப் பெரியவர்தான். வீட்டில் ஜமேக்கா மண்ணின் பேச்சில் கூரை அதிர அதட்டுவாராம். டெலிபோன் அடித்தால் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, ராசகுடும்பத்து விருந்துக்கு வந்தவர்போல மெல்லிய இங்கிலீஷ் குரல் ஒன்றை எடுப்பாராம். இரண்டாம் வருடத்தின் கடைசி எப்பிசோட்டுக்கு இவர் இதைத்தான் எழுதினார். அப்பா குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கவுன்சிலுக்குப் பேசும் டெலிபோன் குரலைப் பழகுகிறார். பிள்ளைகள் கதவுக்கு வெளியே விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அருமையான காட்சி. ஆனால் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும், இவரே சொல்லியிருந்தார். லண்டனுக்கு வந்த புதிதில் தகப்பன் வாடகை அறை கேட்டு டெலிபோன் எடுக்கும்போது, பேச்சைக் கேட்டவுடனே அறை இல்லை என்று வைத்துவிடுவார்களாம். வேறு குரல் எடுத்தால் வந்து பார் என்றாவது சொல்வார்களாம். நேரில் போனால் எப்படியும் இல்லைதான்.

ஞாயிற்றுக்கிழமை கேக்கோடு தகப்பனிடம் போனார். திங்கட்கிழமை கேக் முழுசாக ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. திங்கட்கிழமைகளில் நாங்கள்தான் அதைச் சாப்பிட்டோம், எதுவும் கேட்காமல். காட்சி சொல்லப்படாமலே ஒளிபரப்பானது. நாடே சிரித்தது. பெரியவரும் பார்த்தார். மகளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அந்தக் கிழமையிலிருந்து வீட்டில் டெலிபோன் அடித்தால் அவர் எடுப்பதில்லை. அடித்து ஓயும்வரை அதைப் பார்த்துக்கொண்டு இருப்பாராம்.

மூன்றாம் வருடத்துக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் கேட்டார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். எங்களிடம் அவர்கள்தான் நிறுத்தினார்கள் என்றார். நாங்கள் நம்புவதுபோல இருந்தோம். ஸ்டூடியோவைக் கம்பளக் கடைக்காரரே எடுத்துக்கொண்டார். சில வருடத்தில் பெரியவரும் போய்ச் சேர்ந்தார்.

நான் அதற்குப் பிறகு இருபது வருடம் எதை எதையோ வரைந்தேன். பல்பசை விளம்பரத்தில் ஆடுகிற பல்லுக்குப் பின்னால் வானம் வரைந்தேன். கைத்தொலைபேசி விளையாட்டில் உருளுகிற மிட்டாய்க்குப் பின்னால் மலை வரைந்தேன். ஒருத்தர் வாசலிலும் ஒரு சப்பாத்து வைக்க இடம் கிடைக்கவில்லை.

போன வருடம் ஒரு தயாரிப்பாளர் என்னைத் தேடிப் பிடித்தாள். சின்ன வயதில் சப்பாத்து எப்பிசோட்டைப் பார்த்து வளர்ந்தவளாம், அவளும் கறுப்பினப் பெண். எண்பத்தொன்பதை மறுபடி எடுக்க வேண்டும், பின்னணிக்கு நான்தான் பொறுப்பு என்றாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம். ஆனால் உரிமை அவரிடம் இருந்தது. அவர் கையெழுத்துப் போடாமல் ஒன்றும் நடக்காது. இரண்டு கடிதத்துக்கு இரண்டு தரம் மாட்டேன் என்று ஒற்றை வரியில் பதில் போட்டிருந்தார். மூன்றாம் தரம் என்னை அனுப்பினார்கள்.

அவர் இப்போது இருப்பது ஆர்ச்வேயில். அந்த ஸ்டேஷனில் முருகன் கோயிலுக்காக எத்தனையோ வெள்ளிக்கிழமை இறங்கியிருக்கிறேன். அன்றும் வெள்ளிக்கிழமைதான். கையில் பிஸ்கட் டின் ஒன்று, அதற்குள் நான் சுட்ட இஞ்சிக் கேக். மேட்டில் ஏற ஏற, அவரைப் பற்றி நான் யோசித்து வைத்திருந்த பகிடியைச் சொன்னால் தொடரும் போய் அவருடைய உறவும் போய்விடும் என்ற பயம் கூடிக்கொண்டே வந்தது. சொல்லாமல் கேட்டால் கையெழுத்துக் கிடைக்கவும் கிடைக்கலாம். என் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம் இருந்தது. ஆனால் அது அவருக்குப் பின்னால் செய்கிற வேலை.

நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இனி இந்த வீட்டில் இரண்டு பேர் என்று கவுன்சிலுக்கு எழுதப் போகிறார்கள் என்றார். பிறகு டின்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“ஆருக்கு?”

“உங்களுக்குத்தான்.”

மேசையில் வைத்தேன். எதிரே உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்துச் சொன்னேன். எண்பத்தொன்பதில் அந்த மகள் இப்போது வளர்ந்துவிட்டாள், பகிடி எழுதுகிறவள். ஊரில் எல்லாருக்கும் நேரே சொல்லுவாள். அப்பாவுக்கு மட்டும் வாய் வராது. மூன்று ஞாயிறு பஸ்ஸில் கேக்கோடு போகிறாள், மூன்று ஞாயிறும் வெட்டாமல் கொண்டு திரும்புகிறாள். நான்காம் ஞாயிறு பஸ் டிரைவர் அவளை விட்டுவிட்டுக் கேக்குக்குக் குட்மோர்னிங் சொல்லுகிறார்.

அவர் கோபிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. கழுத்தில் தொங்கிய கண்ணாடிகளில் அந்தத் தேவையில்லாததை எடுத்துப் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மூண்டில்லை,” என்றார். “அஞ்சு.”

எனக்கு மூச்சு வந்தது.

“உங்களிட்டைக் கொண்டு வந்தது மூண்டு. மற்ற ரெண்டையும் வெக்கத்திலை பஸ்ஸிலையே விட்டிட்டு வந்தன். அஞ்சாம் கிழமை அப்பா பெட்டியைத் தூக்கி என்ரை மடியிலை வைச்சார். இது எனக்குத்தான் எண்டு தெரியும், பகிடியைக் கொண்டு வா, அப்ப வெட்டுவம் எண்டார். நான் சொன்னன், பகிடி ஒண்டுமில்லையப்பா, இது சும்மா கேக்.”

பெரியவருக்கு அந்த விதி தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தன் முறைக்காக ஐந்து ஞாயிறு பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். குரலைக் கிண்டல் செய்ததல்ல அவருக்கு நொந்தது.

“ஊருக்கெல்லாம் முன்னாலை சொன்னனான்,” என்றார் அவர். “அவருக்கு மட்டும் பின்னாலை சொல்லிப்போட்டன்.”

ஆறுதல் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கத்தி குசினியில் இருக்கிறது, எடுத்து வா என்றார். ஒரு துண்டு வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். முட்டை போடவில்லையா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். உன் பகிடியைவிடக் கேக் மோசம் என்றார். பிறகு மேசையில் கிடந்த தபால் உறையை எடுத்துத் திருப்பினார். அதற்குள் தயாரிப்பாளரின் இரண்டாம் கடிதம் இன்னும் இருந்தது.

“அந்த டிரைவர் பகிடி பிழை,” என்றார் எழுதிக்கொண்டே. “டிரைவர் எங்கடை அப்பாவாத்தான் இருக்கோணும். அவர்தானே பஸ் ஓடினவர். கேக்குக்குக் குட்மோர்னிங் சொல்லுறார். அதையும் டெலிபோன் குரலிலை சொல்லோணும்.”

சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமி, அந்தக் குரலில் ஒரு தரம் சொல்லிக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. எனக்கும் வந்தது.

கையெழுத்து அடுத்த கிழமை வந்தது. வாசலில் பதினாலு சோடியும் போட்டாகிவிட்டது.

நான் எழுதிய இந்தச் சொற்சித்திரத்தையும் போன ஞாயிறு ஆர்ச்வேக்குக் கொண்டுபோய், எதிரே உட்கார்ந்து, முழுவதையும் இங்கிலீஷில் சொல்லிக் காட்டினேன். நான்கு முட்டை போட்ட கேக் மேசையில் இருந்தது. இரண்டு இடத்தில் திருத்தினார். போதகர் சாப்பிட்டது மூன்று துண்டில்லை, நான்கு. நான் தலைப்பிலும் உள்ளேயும் எழுதியிருந்த அவருடைய பெயரை எடுத்துவிட வேண்டும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். போதகரின் துண்டுகளை நான் மூன்றாகவே விட்டிருக்கிறேன், போதகரிடம் இன்னும் கேட்கவில்லை. பெயரை எடுத்துவிட்டேன். பிறகுதான் கேக்கை வெட்டினோம்.